சொல்வதை நிறுத்திய பிறகு

வெள்ளம் வந்த அன்று எல்லாமே பகல் வெளிச்சத்தில்தான் நடந்தது. இருட்டில் நடந்திருந்தால் இவ்வளவு தெளிவாக நினைவில் நின்றிருக்காதோ என்று பல தடவை யோசித்திருக்கிறேன்.

நாங்கள் ஏரலில் ஆற்றுக்குப் பக்கத்துத் தெருவில் குடியிருக்கிறோம். என் கணவருக்குக் கடைவீதியில் பாத்திரக்கடை. ஒரே மகள், கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறாள். எங்களுக்கு அடுத்தது ஓட்டு வீடு. அதில் ஒரு அக்கா தனியாக இருந்தாள். எங்களுக்குச் சொந்தம் இல்லை. ஆனால் கல்யாணமாகி இந்தத் தெருவுக்கு வந்த நாளிலிருந்து எனக்கு அவள் அக்காதான். அவள் கணவர் இறந்து வெகு காலம் ஆகியிருந்தது. மகளை ராதாபுரம் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தாள். அவள் அடுப்படிக்கும் என் அடுப்படிக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர்.

முந்தின நாள் தொடங்கிய மழை விடவேயில்லை. காலையில் தெருவுக்குள் தண்ணீர் வந்தது. முதலில் கணுக்கால் அளவு, பார்த்துக்கொண்டு நிற்கும்போதே முழங்கால். எங்களுக்கு மொட்டை மாடி இருந்தது. "அக்கா, வெரசா வாங்க" என்று என் கணவர் சத்தம் போட்டார். அவளும் ஒரு பையைத் தலையில் வைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். எங்கள் படிக்கட்டில் ஒரு கால் வைத்தவள் நின்றாள்.

"கேஸ மூடுனேனா இல்லையான்னு தெரியல. நீ ஏறு பிள்ள, நான் பைய வாரேன்."

அது அவளுடைய பழக்கம். எங்கே கிளம்பினாலும் வாசல் வரை வந்துவிட்டு மறுபடி உள்ளே போய் சிலிண்டரைத் தொட்டுப் பார்ப்பாள். அன்றைக்கும் போனாள். அவள் உள்ளே போன நேரத்தில் பின்பக்கத்து மதில் விழுந்தது. ஆறு அந்த வழியாகத் தெருவுக்குள் திரும்பியது. என் கணவர் இறங்கப் பார்த்தார். தண்ணீர் அவர் நெஞ்சுக்கு வந்து சுழற்றியது. கைப்பிடிக் கம்பியைப் பிடித்து நான்தான் மேலே இழுத்தேன்.

அதன் பிறகு மாடியில் உட்கார்ந்திருந்தபோது கீழே சுவரில் சத்தம் கேட்டது. டம், டம் என்று, விட்டு விட்டு. வெகு நேரம் கேட்டது. பிறகு நின்றுவிட்டது.

தண்ணீர் வடிந்து, ஆட்கள் வந்து கதவைத் திறந்தபோது அக்கா அடுப்படியில் கிடந்தாள். பக்கத்தில் சிலிண்டர் கிடந்தது. அது மிதந்து மிதந்து சுவரில் இடித்திருக்கும் என்றார் என் கணவர். இருக்கலாம். அக்காவின் கையாகவும் இருக்கலாம். அதை இனி யாராலும் சொல்ல முடியாது.

அதற்குப் பிறகுதான் என் பழக்கங்கள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. அடுப்படியில் நிற்கும்போது சுவரில் காதை வைத்துக் கேட்பேன். வெளியே கிளம்பினால் சிலிண்டரைத் தொட்டுப் பார்ப்பேன், வாசலில் செருப்பு போட்டதும் திரும்பிப் போய்ப் பார்ப்பேன், பிறகு இன்னொரு தடவை. பாபநாசம் அணையில் எத்தனை அடி, மணிமுத்தாறில் எத்தனை அடி, ஸ்ரீவைகுண்டத்தைத் தாண்டி எவ்வளவு தண்ணீர் போகிறது என்று சொல்கிற வாட்ஸ்அப் குழு எது இருந்தாலும் அதில் நான் இருந்தேன். சித்திரை வெயிலில் ஆறு மணல் திட்டாகக் கிடக்கும்போதும் பார்ப்பேன். என் கணவர் மாடிக்குக் கயிறும் லாரி ட்யூபும் வாங்கிப் போட்டார். துணிமணி அடுக்கிய பை ஒன்று எப்போதும் படிக்கட்டில் இருந்தது.

நான் மெலிந்துகொண்டே போனதைப் பார்த்து எல்லோரும் எனக்கு எதையாவது கொடுத்தார்கள். பாளையங்கோட்டை டாக்டர் மாத்திரை எழுதி, தினமும் நடக்கச் சொன்னார். மகள் போனில் மூச்சுப் பயிற்சி வகுப்பு ஒன்றைச் சேர்த்துவிட்டாள். நாத்தனார் மந்திரித்த கயிறு கட்டிவிட்டாள், அது போதாதென்று இன்னொன்றும் கட்டினாள். திருச்செந்தூருக்குப் பாதயாத்திரை நேர்ந்துகொண்டு போய்வந்தேன். யாரையும் குறை சொல்லவில்லை. எல்லாம் பாசத்தில் செய்ததுதான். ஆனால் ஒரு நாளைக்குள் அத்தனையையும் திணிக்க வேண்டியிருந்தது. மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னால் எனக்கு மூழ்குகிற ஞாபகம் வந்தது. நடக்கச் சொன்னால் கால் தானாக ஆற்றுப் பக்கம் போனது. மாத்திரை மட்டும் கொஞ்சம் தூங்க வைத்தது.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பழக்கம் இருந்தது. அது பழக்கம் என்றே எனக்குத் தெரியவில்லை. வந்தவர்கள் போனவர்கள் எல்லோரிடமும் அக்கா செத்த கதையைச் சொல்வேன். பால்காரி, வயரிங் பார்க்க வந்தவர், கணக்கெடுக்க வந்த பெண், பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரி. மதில் விழுந்தது, டம் டம் என்று கேட்டது, சிலிண்டர் எப்படிக் கிடந்தது என்று வரிசை மாறாமல் சொல்வேன். சொல்லி முடித்தால் கொஞ்சம் லேசாக இருக்கும். சாயங்காலத்துக்குள் மறுபடி ஏறிவிடும்.

முதல் திதிக்கு அக்காவின் மகள் ராதாபுரத்திலிருந்து வந்தாள். சாமி கும்பிட்டு, சாப்பிட்டு முடித்து, அவளும் நானும் எங்கள் அடுப்படியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தோம்.

"சித்தி, ஒண்ணு சொல்லுதேன், கோவிச்சிக்கக் கூடாது" என்றாள்.

"உங்கிட்ட நான் எதுக்குட்டி கோவிக்கப் போறேன்?"

"எங்க அம்மை செத்த கதைய இனிமே யாருகிட்டயும் சொல்லாதீங்க."

எனக்குக் கை நின்றுவிட்டது.

"காலையில பஸ்ஸ விட்டு எறங்கி பூ வாங்கப் போனேன். பூக்காரிக்கு நான் யாருன்னு தெரியாது. தெதிக்குன்னு சொன்னேன். ஒடனே அவ சொல்லுதா, 'ஆத்துத் தெருவுலயும் ஒரு பொம்பள இப்படித்தான்மா போனா, செவுத்துல டம்மு டம்முன்னு தட்டிக்கிட்டே கெடந்தாளாம்'னு. நான் காசக் குடுத்துட்டு மாலைய வாங்காமலே வந்துட்டேன் சித்தி. பொறவு எங்க வீட்டுக்காரரு போயி வாங்கிட்டு வந்தாரு."

குழாயில் தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. அவளே அதை மூடினாள்.

"எங்க அம்மை எத்தன வருசம் இந்தத் தெருவுல இருந்தா. அவளப் பத்திச் சொல்ல இந்த ஒரு பகலு மட்டுந்தானா இருக்கு?"

"அப்ப நான் என்ன செய்யணும், சொல்லு. செய்யுதேன்."

"ஒண்ணும் செய்யாண்டாம். சொல்லாம இருங்க. அது போதும்."

அதுவரை என்னிடம் யாரும் ஒன்றைச் செய்யாதே என்று கேட்டதில்லை.

சொல்லாமல் இருப்பது அவ்வளவு சுலபமாக இல்லை. மறு வாரம் கேஸ் கொண்டுவந்தவர் சிலிண்டரை இறக்கிவைத்துவிட்டு, சுவரில் இருந்த தண்ணீர்க் கோட்டைப் பார்த்து, "இம்புட்டு ஒசரமா வந்துச்சு?" என்று கேட்டார். கதை முழுக்கத் தொண்டைக்கு வந்துவிட்டது. "ஆமா" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனேன். பல் பிடுங்கின இடத்தை நாக்கு தேடுகிற மாதிரி, பல நாள் வாய் அந்தச் சொற்களைத் தேடிக்கொண்டேயிருந்தது.

சொல்வது நின்றதும் மற்றவையெல்லாம் கண்ணில் பட்டன. ஒரு நாள் மத்தியானம் உட்கார்ந்து குழு ஒவ்வொன்றிலிருந்தாக வெளியே வந்தேன். சாயங்காலம் கடையிலிருந்து வந்த என் கணவர் சட்டையைக் கழற்றிக்கொண்டே கேட்டார்.

"ஏட்டி, பாவநாசத்துல எத்தன அடி?"

"தெரியாது."

"தெரியாதுன்னா? பாக்கலையா?"

"எல்லாத்துல இருந்தும் வெளிய வந்துட்டேன்."

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "திடீர்னு தெறந்து விட்டாம்னா என்னட்டி செய்வே?" என்று கத்தினார். என்னைக் கேட்டுக் கேட்டு அவருக்கும் அது பழகிப்போயிருந்தது என்று அப்போதுதான் தெரிந்தது. தண்ணீர் வருகிறதென்றால் ஆட்டோவில் மைக் வைத்துச் சொல்வார்கள், கடைவீதி முழுக்கச் சொல்வார்கள் என்றேன். கொஞ்ச நேரம் முறைத்துக்கொண்டிருந்துவிட்டு, "சவத்த விடு" என்றார். நாங்கள் எதற்கெடுத்தாலும் சொல்கிற வார்த்தைதான். சொன்ன பிறகு அவருக்கும் எனக்கும் அது காதில் விழுந்தது. இரண்டு பேரும் அடுப்படிச் சுவரைப் பார்த்தோம்.

நாத்தனார் கட்டிய கயிறுகளை அவிழ்த்துச் சாமி படத்துக்குக் கீழே வைத்தேன். அவள் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. மூச்சுப் பயிற்சியை விட்டேன். மாத்திரையை மட்டும் நானாக விடவில்லை. டாக்டரே குறைத்து, பிறகு நிறுத்தினார். படிக்கட்டில் இருந்த பையைப் பிரித்தபோது உள்ளே என் சேலைகள் புழுக்க வாடை அடித்தன.

சிலிண்டர்தான் கஷ்டம். திருநெல்வேலியில் ஒரு கல்யாணம் வந்தது. வீட்டைப் பூட்டி, தெருமுனை வரை போய்விட்டேன். கால் பின்னால் இழுத்தது. என் கணவரும் கூடவே நின்றார். திரும்பிப் போனால் ஒரு நிமிஷ வேலை. ஆனால் அக்காவுக்கும் அது ஒரு நிமிஷ வேலையாகத்தான் இருந்தது. பஸ் வந்தது, ஏறினேன். ஸ்ரீவைகுண்டம் தாண்டும் வரை கைகளை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். கருங்குளத்துக்குப் பக்கத்தில் வாழைத் தோட்டங்களைப் பார்த்தபோது, வீடு இந்நேரம் எரிந்துகொண்டிருக்கும் என்று உறுதியாகத் தோன்றியது. கல்யாணத்துக்கு மறுநாள் போடுகிற சொதிச் சாப்பாட்டுக்கும் இருந்துவிட்டுத்தான் கிளம்பினோம். தேங்காய்ப் பாலும் இஞ்சியும் நாக்கில் பட்டபோது, ருசி என்று ஒன்று தெரிந்து எவ்வளவு நாளாயிற்று என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தால், வீடு வீடாகவே இருந்தது.

சுவரில் காதை வைப்பதைக் கடைசியாகத்தான் விட்டேன். விட்டதும் நிம்மதி வந்தது என்று எழுத ஆசையாக இருக்கிறது. வரவில்லை. பயம் கூடியது. நான் கேட்கப் போகாததால் அவள் இந்தப் பக்கம் வந்துவிட்டதைப் போலிருந்தது. ஆள் நடமாட்டமில்லாத மத்தியானங்களில் அவள் இருமுவது கேட்டது. ஒரு நாள் அரிசி களைந்துகொண்டிருக்கும்போது, "ஏ பிள்ள, கேஸ மூடிட்டியா?" என்று, எப்போதும் கேட்கிற அதே குரலில், ஜன்னல் பக்கமிருந்து தெளிவாகக் கேட்டது. வெளியே யாரும் இல்லை. முருங்கை மரத்தில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. நான் யாரையும் கூப்பிடவில்லை, அந்தக் கதையை எனக்கே ஒரு தடவை சொல்லிக்கொள்ளவும் இல்லை. அப்படியே அரிசிக்குள் கையை வைத்துக்கொண்டு நின்றேன்.

அப்போது நினைவுக்கு வந்தது, அக்காவுக்குத் தண்ணீர் என்றாலே பயம் என்பது. அவள் பிறந்தது ராதாபுரம் பக்கத்துப் பனங்காட்டு ஊர். குடிக்கிற தண்ணீருக்கு வெகு தூரம் போக வேண்டிய ஊர். ஆற்றங்கரைக்கு வாழ்க்கைப்பட்டு வந்தும் அவள் ஒரு நாளும் ஆற்றில் இறங்கிக் குளித்ததில்லை. படித்துறையில் உட்கார்ந்து செம்பில் மொண்டு காலை மட்டும் நனைத்துக்கொள்வாள். நாங்கள் கேலி செய்தால், "இம்புட்டுத் தண்ணி ஒரே எடத்துல போனா நமக்கு ஆவாது பிள்ள" என்பாள். பாத்திரம் கழுவிய தண்ணீரை வீணாக்காமல் முருங்கைக்கு ஊற்றுவாள். என் மகள் பிறந்தபோது முதல் குளிப்பாட்டலுக்கு வெந்நீரை முழங்கையால் தொட்டுப் பார்த்தவள் அவள்தான். இது எதுவும் இத்தனை நாள் நான் சொன்ன கதையில் இல்லை. எனக்கு மறந்தே போயிருந்தது.

அந்த வீட்டில் இப்போது கங்கைகொண்டான் பக்கம் கம்பெனி வேலைக்குப் போகிற ஒருவரும் அவர் மனைவியும் வாடகைக்கு இருக்கிறார்கள். அந்தப் பெண் ஒரு தடவை கேட்டாள், "அக்கா, எங்க வீட்டுல யாரோ எறந்துட்டாங்களாமே, நெசமா?" நெசம்தான் என்றேன். ரொம்ப நல்ல மனுஷி, தண்ணீருக்குப் பயப்படுவாள் என்றேன். அதற்கு மேல் அவள் கேட்கவில்லை.

அக்கா போய்விட்டாள் என்று சொல்ல மாட்டேன். அடைமழை நாளில் அந்தச் சத்தம் இன்னும் வரும். எழுந்து போகாமல் இருந்த இடத்திலேயே இருக்கிறேன். சில நாள் சீக்கிரம் நின்றுவிடும், சில நாள் நிற்காது.

இந்த ஐப்பசியில் விடாமல் பெய்த ஒரு நாள் அக்காவின் மகள் போன் பண்ணினாள்.

"சித்தி, அங்கன மழையா?"

"பேஞ்சிக்கிட்டுத்தான் இருக்கு."

"ஆத்துல எவ்வளவு போவுது?"

"பாக்கல."

கேட்டதே தப்பு என்பதுபோல் மெல்லச் சிரித்தாள். அவள் அம்மா கருவாட்டுக் குழம்புக்குப் புளியை எப்போது ஊற்றுவாள் என்று கேட்டாள். எவ்வளவு யோசித்தும் எனக்குத் தெரியவில்லை. அவள் அடுப்படிக்குள் என்னை ஒரு வேலையும் செய்ய விடமாட்டாள், குழம்பு கிண்ணத்தில்தான் வரும் என்றேன். "எனக்கும் அப்படித்தான் சித்தி" என்றாள். எதற்கும் முதலிலேயே ஊற்றிப் பார்க்கிறேன் என்று சொல்லிப் போனை வைத்தாள்.