குழாயக்கா

வேலைக்கு வந்ததும் குழாயக்கா முதலில் செய்வது ஒன்றுதான். சலவை ஆலையின் இஸ்திரிக் கூடத்துக் கோடியில் இருக்கும் குழாயைத் திறந்துவிட்டு, அதனடியில் மணிக்கட்டின் உட்புறத்தை நீட்டிக்கொண்டு நிற்பாள். நீராவிக் குழாயை ஒட்டியே தண்ணீர்க் குழாயும் ஓடுவதால், முதலில் வருவது கொதிக்காத குறையாக வரும். சில்லென்று ஆகும்வரை வாளியில் பிடிப்பாள். அந்தத் தண்ணீரில்தான் தரை துடைப்பாள். ஒவ்வோர் இடைவேளை முடிந்தும் இதே கூத்து. அங்கே யாராவது டீ கிளாஸோடு போனால் தொலைந்தார்கள்.

"சூடு பட்டவங்களுக்கான குழாய் இது. உன் எச்சில் கிளாஸுக்கு வேற இடம் பாரு!"

"குழாய்க்குக் காய்ச்சல் இறங்கிடுச்சாக்கா?" என்று அதிகம் சீண்டியவன், நிச்சயமாகி, புது மோதிரத்தோடு மினுக்கிக்கொண்டிருந்த இஸ்திரிக்காரன். கூடமே அவனை மாப்பிள்ளை என்றுதான் கூப்பிட்டது.

நீராவி மெஷினில் அவசரக்காரர்கள் செய்யும் தப்பு ஒன்று உண்டு: நீராவி விடும் மிதியிலிருந்து காலை எடுக்காமலே காலர் சுருக்கத்தைக் கையால் நீவுவது. அன்று மதியச் சாப்பாடு முடிந்து வந்த மாப்பிள்ளை நீவினான், கால் அழுந்தியது. புஸ்ஸென்று இடது கைமேல் நீராவி பாய்ந்தது.

அலறல் அடங்குமுன் அந்தக் கையை அக்கா குழாயடியில் பிடித்திருந்தாள். தண்ணீர் குளிர்ந்தே வந்தது.

"மோதிரத்தைக் கழட்டு."

"ஐயோ, அவ போட்டுவிட்டதுக்கா! கோவிச்சுக்குவா."

"வீங்கினா வெட்டித்தான் எடுக்கணும். கழட்டுடா!"

கழற்றினான். பக்கத்து மெஷின்காரர் பற்பசையோடு ஓடி வந்தார்.

"அண்ணே, அது பல்லுக்கு. போய் விளக்குங்க!"

மாப்பிள்ளை முகம் வெளிறியிருந்தது. "கல்யாணத்துக்குள்ள இந்தக் கை தேறிடுமாக்கா?"

"தேறணும்னா எடுக்காதே. அவளை முதல்ல பார்த்த கதையைச் சொல்லு."

சொன்னான். பஸ்ஸில் பேச்சுக் கொடுக்கத் தெரியாமல் அவளிடம் மணி கேட்டானாம். அவள் அவன் கையிலிருந்த கடிகாரத்தைப் பார்த்துச் சொன்னாளாம். கூடமே வெடித்துச் சிரித்தது. அழுதுகொண்டே அவனும் சிரித்தான். முழுசாக இருபது நிமிஷம் போனபிறகுதான் அக்கா கையை விட்டாள்; சுத்தமான பிளாஸ்டிக் தாளை லேசாகப் போர்த்தி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாள்.

உடனே தண்ணீர் காட்டியதால் காயம் ஆழமாகவில்லை என்றார் டாக்டர். கல்யாணத்தன்று மோதிரம் அதே விரலில் வழுக்கிக்கொண்டு ஏறியது. முன்வரிசையில் உட்கார்ந்து விசிலடித்தது யாரென்று சொல்ல வேண்டியதில்லை.

பிற்பாடு குழாயைப் பழுதுபார்க்க வந்த பிளம்பர் சொல்லித்தான் மாப்பிள்ளைக்குத் தெரிந்தது. தீக்காயத்துக்கென்று முன்பு அக்கா ஒரு குழாய் கேட்டபோது, "இங்கே யாருக்குச் சுடப்போகுது?" என்று மேனேஜர் கையை விரித்துவிட்டாராம். மறுவாரமே அவரிடம் அவள் இந்தக் குழாயைக் கேட்டு வாங்கியது, டீ கிளாஸ் கழுவ என்று சொல்லி.