ஆட்டிடமிருந்து அக்காவின் எலும்புக்கு

சிங்கவரத்தில் என் அக்கா பத்துப் பன்னிரண்டு ஆடுகள் வளர்த்தாள். ஒரு வருஷம் மாசியில் இரண்டு சினையாடுகள் அடுத்தடுத்துக் குட்டியைக் கலைத்துவிட்டன. இரண்டாவதற்கு நஞ்சுக்கொடி விழவில்லை. அக்கா வெறுங்கையை விட்டு இழுத்து எடுத்தாள். அவளுக்கு அது பழகிய வேலை.

அடுத்த மாதம் சாயங்காலமானால் அவளுக்கு ஜுரம் வரத் தொடங்கியது. காலையில் புடவை வியர்வையில் நனைந்திருக்கும். பிறகு இடுப்பு பிடித்துக்கொண்டது. பஸ்ஸில் செஞ்சிக்கு அழைத்துப் போனேன். ஒரு டாக்டர் வாதம் என்றார், இன்னொருவர் தேய்மானம் என்றார். ஊசி போட்டால் இரண்டு நாள் தாங்கும். கடைசியில் சுவரைப் பிடிக்காமல் எழுந்திருக்கவே முடியவில்லை.

ஆடுகளுக்குத் தடுப்பூசி போட வந்த கால்நடை டாக்டரம்மாதான் அவள் ஒருக்களித்து உட்கார்ந்திருந்ததைக் கவனித்தார்.

"இன்னாம்மா, இடுப்பு வலியா? ஜுரம் வருதா?"

"ரெண்டு மாசமா வந்து வந்து போவுது."

"ஆடு எதனா குட்டி கலைச்சுதா? நீயா கைய வச்ச?"

அக்கா தலையாட்டினாள். டாக்டரம்மா அங்கேயே ஒரு சீட்டு எழுதி என்னிடம் கொடுத்தார். "உங்க டாக்டர்கிட்ட இத காட்டுங்க. ஆட்டுக் கிருமி எலும்புல போய் உக்காந்திருக்கும்னு தோணுது."

அவர் நினைத்ததே சரி. ரத்தத்தில் புரூசெல்லா கிருமி இருந்தது. ஸ்கேனில் இடுப்பு மூட்டு அரித்துப்போயிருந்தது தெரிந்தது. ஊசியும் மாத்திரையுமாக மூன்று மாதம் ஓடியது. குடலைப் புரட்டினாலும் அக்கா ஒரு வேளை மாத்திரையைக்கூட விடவில்லை.

அதற்கு நடுவில் வியாபாரி வந்து அந்த இரண்டு ஆடுகளையும் கேட்டார். நல்ல விலைதான். கொடுத்துவிடலாமே என்றேன்.

"எனக்கு வந்தது இன்னொருத்திக்கு வரணுமா?" என்றாள். டாக்டரம்மா சொன்னபடி அவற்றைக் கொன்று, ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைக்கச் செய்தாள். அன்று அவள் சாப்பிடவில்லை.

கோலூன்றி நடக்க முடிந்ததும், ஆடு வைத்திருக்கிற ஒவ்வொரு வீட்டுக்கும் போனாள். "பால காய்ச்சாம குடிக்காதீங்க. குட்டி போடறப்ப கையுறை போடுங்க," என்றாள். சிலர் சிரித்தார்கள். அவள் மறுபடியும் போனாள்.

இப்போது அவள் கோலில்லாமல் நடக்கிறாள். குளிர்காலத்தில் மட்டும் இடுப்பு கொஞ்சம் இழுக்கும். எங்கள் தெருவில் ஆடு குட்டி போட்டால், முதலில் அவள் வீட்டுக்குத்தான் ஆள் வருகிறது, கையுறை கேட்டு.