முன்சக்கரத்தின் மேல் எழுபது கிலோ

இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய பழைய திறந்த கார் அது. மணிமங்கலத்தில் ஒரு தோட்டத்து ஷெட்டில் பல வருஷம் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. அந்த இடத்தை பிளாட் போட்டு விற்றபோது, பழைய இரும்புக்குப் போவதற்குள் என் வீட்டுக்காரர் போய்க் கேட்டு வாங்கி வந்தார். அவர் ஒரகடத்தில் ஒரு கார் கம்பெனியில் எஞ்சின் லைனில் இருந்தார். நான் வேறொரு கம்பெனியில், வண்டி லைனைவிட்டு இறங்கும் இடத்தில் வீல் அலைன்மென்ட் பார்க்கிறேன். எங்களுக்குக் குழந்தை இல்லை. மூன்று வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகள் படப்பையில் எங்கள் வீட்டு வாசலில் அந்தக் காரோடு போயின. எஞ்சினை அவர் பிரித்துக் கட்டினார். ஸ்பிரிங், ரப்பர் புஷ், சக்கரமெல்லாம் என் பொறுப்பு.

எஞ்சின் ரொம்பச் சின்னது. ஆனால் காருக்கும் எடை கிடையாது. நாலு பேர் கைகொடுத்தால் பின்பக்கத்தைத் தூக்கி நகர்த்திவிடலாம். முன்னும் பின்னும் பாரம் ஏறக்குறைய சமமாக உட்கார்ந்திருந்தது. மணிமங்கலம் ஏரிக்கரை ரோட்டில் வளைவு வளைவாகப் போகும்போது ஸ்டீயரிங்கைப் பிடித்துத் திருப்பவே வேண்டாம், லேசாக அசைத்தால் போதும். வளைவுக்குள் ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் தளர்த்தினால் பின்பக்கம் இதமாக ஒதுங்கிக் கொடுக்கும். ஐம்பதுக்கு மேல் போகத் தேவையே இல்லை. கம்பெனியில் நாளெல்லாம் திரையில் வரும் எண்ணைப் பார்த்துச் சக்கரத்தைச் சரிசெய்கிற எனக்கு, சக்கரம் சரியாக இருப்பது என்றால் என்னவென்று கைக்குத் தெரிந்தது அந்தக் காரில்தான். வளைவு முடிந்ததும் அவர் என்னைப் பார்த்துச் சிரிப்பார். திரும்பி வரும்போது நான் ஓட்டுவேன்.

பிறகு அவர் இருந்த லைனையே வேறு மாநிலத்துக்கு மாற்றிவிட்டார்கள். அவருக்கு வயது நாற்பத்து நான்கு. ஸ்ரீபெரும்புதூர் வரைக்கும் ஏறி இறங்காத கேட் இல்லை. எல்லா இடத்திலும் டிரெய்னி பசங்கள்தான் வேண்டுமாம். நான் முதல் ஷிஃப்டுக்குக் கிளம்பும்போது சாப்பாடு கட்டிக் கொடுப்பார். சாயங்காலம் நான் வரும்போது அதே நாற்காலியில் இருப்பார். பேச்சு குறைந்துபோனது.

ஒரு ஞாயிறு காலை ஒரகடம் மெயின் ரோட்டில் போய்க்கொண்டிருந்தோம். உயரமான புது வண்டி ஒன்று பக்கத்தில் வந்து வேகத்தைக் குறைத்தது. கண்ணாடி இறங்கியது.

"இன்னாண்ணா, பொம்மை காரா? தள்ளி வுடவா?"

உள்ளே நாலைந்து பேர் சிரித்தார்கள். முன்பெல்லாம் இதைக் கேட்டால் இவரும் சேர்ந்து சிரிப்பார். அன்றைக்கு ஆக்சிலேட்டரை அடிவரை மிதித்தார். எங்கள் கார் தொண்டை கிழியக் கத்தியதே தவிர, வேகம் எடுக்கவில்லை. அந்த வண்டி கண்ணிலிருந்தே மறைந்துவிட்டது. வீட்டுக்கு வந்தும் அவர் சாப்பிடவில்லை.

அடுத்த வாரம் நான் வேலை முடிந்து வந்தபோது வாசலில் ஒரு பெரிய எஞ்சின் உட்கார்ந்திருந்தது. விபத்தில் நொறுங்கிய ஏதோ ஒரு காரில் இருந்து கழற்றியது.

"இது எதுக்குங்க?"

"நம்ம வண்டிக்குத்தான். மூணு மடங்கு பவர்."

"மொத்தமும் இரும்புங்க. பாரமெல்லாம் முன்னாடி ஏறிடும். வண்டி திரும்பாது."

"திரும்பலன்னா ஸ்டீயரிங்க இன்னும் கொஞ்சம் ஒடிச்சா போச்சு."

"ஒடிச்சா டயர் வழுக்கிக்கினு நேராப் போவும். உங்களுக்குத் தெரியாததா?"

அவர் எஞ்சின் மேல் கை வைத்தார். "பதினாறு வருஷம் எஞ்சின் கட்டிக்கினு இருந்தவன் நானு. எனக்கு வேற இன்னா தெரியும்? நீயே சொல்லு."

கம்பெனியில் சக்கரம் சரியில்லாத வண்டியை நான் நிறுத்தினால் மேனேஜர் வந்தாலும் நகராது. இங்கே நான் எதை நிறுத்துவது? எஞ்சின் வந்த நாளிலிருந்து அவர் காலையில் எனக்கு முன்னால் எழுந்து, குளித்து, மூலையில் தொங்கிய பழைய யூனிஃபார்மை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

எஞ்சின் உள்ளே போக உடம்புத் தகட்டை வெட்ட வேண்டியிருந்தது. வெட்டினார். எஞ்சினை இறக்கும்போது சங்கிலியைப் பிடித்தது நான்தான். பிறகு, இரும்புக் கடையில் ஒரு தராசு கேட்டு வாங்கி வந்து, மற்ற மூன்று சக்கரங்களுக்கும் அதே உயரத்துக்குப் பலகை கொடுத்து, ஒவ்வொரு சக்கரமாக எடை பார்த்தேன். பழைய எஞ்சினோடு எடுத்து வைத்திருந்த கணக்கைவிட முன்னால் எழுபது கிலோ கூடியிருந்தது. பின்னால் அப்படியே இருந்தது. பேட்டரியை டிக்கிக்கு மாற்றினேன். ஸ்பிரிங்கை மாற்றினேன். என் கைக்கு எட்டியதெல்லாம் செய்தேன். போதவில்லை. எண்களைக் காட்டியபோது பார்த்துவிட்டு, "பாத்துக்கலாம்" என்றார்.

முதல் தடவை எடுத்த அன்று நேர் ரோட்டில் அந்தக் கார் பாய்ந்தது. முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது. அவர் வாய்விட்டுச் சிரித்தார். வேலை போனபிறகு அந்தச் சிரிப்பை நான் கேட்கவே இல்லை. "போதுங்க, வூட்டுக்குப் போலாம்" என்று சொல்ல வாயெடுத்தேன். அந்த முகத்தைப் பார்த்துவிட்டு எப்படிச் சொல்வது?

அவர் ஏரிக்கரைப் பக்கம் திருப்பினார்.

இரண்டாவது வளைவில் ஸ்டீயரிங்கைத் திருப்பினார். மூக்கு நேராகப் போனது. இன்னும் ஒடித்தார். அப்போதும் நேராகத்தான் போனது. பயந்துபோய் ஆக்சிலேட்டரிலிருந்து காலை வெடுக்கென்று எடுத்தார். பின்பக்கம் சுழன்று முன்னால் வந்தது. மடியில் இருந்த என் இரண்டு கைகளும், அங்கே இல்லாத ஒரு ஸ்டீயரிங்கைத் திருப்பிக்கொண்டிருந்தன. கார் பின்பக்கமாகப் பள்ளத்தில் இறங்கி, சேற்றில் நின்றது.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. என் மணிக்கட்டு மட்டும் வீங்கியது. அவர் ஸ்டீயரிங்கை விடாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"நான் திருப்பினேன்மா," என்றார். "நல்லாத்தான் திருப்பினேன். அது கேக்கல."

"தெரியும்ங்க."

பக்கத்து லேஅவுட்டில் மண் தள்ளிக்கொண்டிருந்த ஜேசிபிகாரர் கயிறு போட்டு இழுத்துக் கொடுத்தார். பழைய எஞ்சினையே திரும்ப மாட்டலாம் என்று மறுநாள் நானே பேச்செடுத்தேன். பழையதைக் கழற்றியதுமே புதுசை விற்ற ஆளிடம் கொடுத்துவிட்டிருக்கிறார், எனக்குத் தெரியாது. அந்த ஆளுக்கு போன் செய்தோம். அது உடைத்து உருக்கப் போய்விட்டதாம். போனை வைத்துவிட்டு அவர் என்னைப் பார்க்கவில்லை. வெட்டிய தகடும் திரும்ப வராது.

இப்போது அவருக்கு வாலாஜாபாத் ரோட்டில் ஒரு குடோனில் கான்ட்ராக்ட் வேலை. காரை விற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை நேர் ரோட்டில் மட்டும் ஓட்டுகிறார். மெயின் ரோட்டில் பறப்பார், பாலத்துக்கு அடியில் நடக்கிற வேகத்தில் யூ-டர்ன் எடுப்பார், மறுபடி பறப்பார். டீக்கடையில் பசங்கள் வேகத்தைப் பற்றிக் கேட்கும்போது சொல்லிக்கொண்டிருப்பார். ஏரிக்கரைப் பேச்சை இரண்டு பேரும் எடுப்பதில்லை. ஓட்டச் சொல்லி அவர் என்னிடம் சாவியை நீட்டுவதும் இல்லை.

போன வாரம், "வரியா?" என்று கேட்டார்.

"ஓவர்டைம் கீதுங்க" என்றேன்.

ஓவர்டைம் எதுவும் இல்லை. கம்பெனி பஸ் வரும் நிறுத்தத்தில் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, ஷேர் ஆட்டோ பிடித்து அம்மா வீட்டுக்குப் போனேன்.