மூச்சுக்காரர் வாங்கிய கைக்கடிகாரம்

ஸ்கேன் சென்டரில் அவரை எல்லோரும் மூச்சுக்காரர் என்றுதான் சொல்வார்கள். பெயர் வைத்தது வரவேற்பில் உட்காரும் பெண். காலையிலிருந்து சாயங்காலம் வரை கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு, மைக்கில், "மூச்சை நல்லா இழுங்க... அப்படியே அடக்குங்க... இப்ப விடுங்க" என்று சொல்வதுதான் அவர் பிழைப்பு. இந்தப் பெயர் எப்படியோ வீட்டுக்கும் வந்து சேர்ந்துவிட்டது. கோபம் வந்தால் அவர் மனைவி, "இப்ப விடவா, இல்ல இன்னும் அடக்கணுமா?" என்று கேட்பாள். கேட்டுவிட்டு அவளே சிரித்தும் விடுவாள். அது அப்போது.

அவர் வேலை பார்க்கும் அறை தரைக்குக் கீழே. ஜன்னல் கிடையாது. வெளியே மழையா வெயிலா என்பதை வருகிறவர்களின் செருப்பைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். உள்ளே இருக்கும் இயந்திரம் பெரிய காந்தம். இரும்பென்று ஒரு குண்டூசி போனாலும் வம்பு. அதனால் உள்ளே போகிறவர்கள் மோதிரம், பெல்ட், கொண்டை ஊசி, சாவிக்கொத்து எல்லாவற்றையும் கழற்றி ஒரு நீலப் பிளாஸ்டிக் தட்டில் போட்டு அவரிடம் கொடுக்க வேண்டும். கோடீஸ்வரனாக இருந்தாலும் அந்தக் கதவைத் தாண்டும்போது ஒரு துணி அங்கியும் வெறுங்கையும்தான். அந்த வேலைக்கு வந்த நாளிலிருந்து மூச்சுக்காரரும் கையில் வாட்ச் கட்டியதில்லை. கட்ட முடியாது.

ஆசை எந்த வாசல் வழியாக வரும் என்று யாருக்குத் தெரியும்? இவருக்கு அந்தத் தட்டு வழியாக வந்தது. டைல்ஸ் கடை முதலாளி ஒருவர், கல்லீரல் கோளாறு, சில மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேனுக்கு வருவார். வந்ததும் கையிலிருந்த வாட்சைக் கழற்றி, "தம்பி, பத்திரம்" என்று தட்டில் வைக்காமல் உள்ளங்கையில் வைப்பார். நீல டயல், தோல் பட்டை. பின்பக்கம் மூடிக்குப் பதில் கண்ணாடி. அதற்குள் பொடிப்பொடியாகச் சக்கரங்கள் ஓடும், அரைவட்டமாக ஒரு தகடு ஊசலாடும். பேட்டரி இல்லை, சாவி கொடுக்க வேண்டாம். கை அசைந்தால் போதும், தானாக ஓடும். முதலாளி உள்ளே மூச்சை அடக்கிக்கொண்டு படுத்திருக்கும்போது, இவர் வெளியே அதைக் காதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஒருமுறை "இப்ப விடுங்க" என்று சொல்லவே மறந்துபோய், உள்ளே அந்த மனுஷனுக்கு முழி பிதுங்கிப்போனது.

அப்புறம் என்ன, கைபேசியும் கையுமாகத் திரிந்தார். புதிது வாங்குவது இந்த ஜென்மத்தில் நடக்காது. ஆனால் ஒருவர் கட்டி அலுத்ததை இன்னொருவர் வாங்குவதற்கென்றே இணையத்தில் ஒரு சந்தை இருந்தது. அங்கே போடும் படங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். பாலிஷ் போட்டு விளிம்பு மழுங்கியது எது, டயலை மாற்றியது எது, போலி எது என்று கற்றுக்கொண்டார். கல்யாணத்துக்குப் பெண் பார்க்கும்போதுகூட அவர் இவ்வளவு விசாரித்ததில்லை என்று சொன்னால் அது பொய்யில்லை. நான்கைந்து பேரிடம் பேசி, கடைசியில் வேறு ஊரில் ஒருவர் அகப்பட்டார். அதே நீல டயல். பெட்டி இருக்கிறது, கம்பெனிக் காகிதம் தொலைந்துவிட்டது, அதனால் விலை குறைவு. ஓடுவதை வீடியோ எடுத்து அனுப்பச் சொன்னார், மனுஷன் அனுப்பினார்.

குறைவு என்றாலும் அவருக்கு அது மலைதான். தேடத் தொடங்கிய நாளிலேயே வீட்டுப் பணத்தில் கை வைக்க அவருக்கு மனம் வரவில்லை. அதை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் அவர் கண்டுபிடித்த வழியை நான் மெச்ச மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு வந்தால் இரட்டைச் சம்பளம். மேனேஜரிடம் தானாகவே கேட்டு எல்லா ஞாயிற்றையும் வாங்கிக்கொண்டார். வீட்டில் போய், "மேனேஜர் படுத்துறாரும்மா. ஆள் இல்லையாம். வந்தே ஆகணுமாம், தனியா காசும் கிடையாதாம்" என்றார். இரண்டு வருஷத்துக்கு மேல் இப்படியே ஓடியது. வாரமெல்லாம் ஆபீஸ் போய்வரும் அவள் அந்த ஞாயிறுகளில் தனியாகத் துணி துவைத்தாள், சொந்தக்காரர் வீட்டு விசேஷங்களுக்குத் தனியாகப் போய், "அவருக்கு டூட்டி" என்று சொல்லிச் சொல்லி அலுத்தாள். இதெல்லாம் யாரால் என்று நினைத்தாளோ, அந்த மேனேஜரைத் திட்டாத நாளில்லை. பாவம், அந்த மேனேஜர் எத்தனை தடவை விக்கினாரோ.

சேர்ந்த பணத்தை அனுப்பினார், வாட்ச் பார்சலாக ஸ்கேன் சென்டருக்கு வந்தது. பிரித்துப் பார்த்ததும் அவருக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் எங்கே கட்டுவது? வேலையிடத்தில் கட்டினால் காந்தம் கெடுத்துவிடும். வீட்டில் கட்டினால் கேள்வி வரும். மிச்சம் இருந்த ஒரே இடம் குளியலறை. தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, கையில் கட்டி, முன்னும் பின்னும் கையை வீசிக்கொண்டு நிற்பார். உள்ளே போனவர் வெளியே வருவதில்லை. மனைவி கதவைத் தட்டி, "என்னங்க, வயித்துக்கு என்ன பண்ணுது? டாக்டர்கிட்ட டோக்கன் போட்டுட்டேன்" என்று சொல்லும்வரை இது நடந்தது.

இனிமேல் ஒளிக்க முடியாது என்று துணிந்து ஒரு செவ்வாய்க்கிழமை அதைக் கட்டிக்கொண்டு கூடத்துக்கு வந்தார்.

"ஏது இது?"

"பஸ் ஸ்டாண்ட் பிளாட்ஃபாரத்துல வித்தான். டூப்ளிகேட். பார்க்க நல்லா இருந்துச்சு."

அவள் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். "டூப்ளிகேட்டே இவ்வளவு நல்லா பண்றானுங்களே" என்றாள். அவர் நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது. பொய் சொல்லித் தப்பித்தவன் பாராட்டுக்கும் ஆசைப்பட்டால் எங்கே போய் முட்டிக்கொள்வது.

கிரகம் பாருங்கள், டைல்ஸ் கடை முதலாளி ஸ்கேனுக்கு வந்துபோனது அதற்கு முந்தின நாள்தான். மறுநாள் புதன்கிழமை காலை இருவரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மேனேஜர் கூப்பிட்டார். கை எச்சில் என்பதால் மூச்சுக்காரர் ஸ்பீக்கரில் போட்டார்.

"சார், திங்கட்கிழமை வந்த டைல்ஸ் முதலாளி வாட்சைக் காணோமாம். நம்ம ரூம்லதான் கழட்டினேன்னு சொல்றாரு. நீல டயல், தோல் பட்டை. பின்னாடி கண்ணாடியாம், சக்கரம் ஓடுறது தெரியுமாம். பார்த்தீங்களா?"

"திருப்பிக் கொடுத்துட்டேனே சார். கொடுத்த மாதிரிதான் ஞாபகம்."

சொல்லும்போதே அவர் இடது கை மேஜைக்கு அடியில் போய்விட்டது. யாரும் அதற்கு உத்தரவு போடவில்லை, தானாகப் போனது. எதிரே இருந்தவள் அந்தக் கை போவதைப் பார்த்தாள். அவர் முகத்தைப் பார்க்கவில்லை, அந்தக் கையை மட்டும்தான் பார்த்தாள்.

போனை வைத்ததும், "இது டூப்ளிகேட்டும்மா. எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும்" என்றார்.

"நான் ஒண்ணும் கேக்கலையே" என்றாள் அவள்.

உண்மையை அப்போதே சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. 'இது என் வாட்ச், நிஜ வாட்ச்' என்று சொன்னால் அடுத்த கேள்வி பணம் ஏது என்பது. அதற்குப் பதில் சொன்னால் ஞாயிற்றுக்கிழமைகள் வெளியே வரும். சொல்லாவிட்டால் திருடன். இரண்டு பக்கமும் சுவர். மென்று விழுங்கிவிட்டு எழுந்து கை கழுவப் போனார்.

வியாழக்கிழமை அவருக்கு மதியத்துக்கு மேல்தான் வேலை. குளித்துவிட்டு வந்து பார்த்தால் மேஜைமேல் வைத்த வாட்சைக் காணவில்லை, ஆபீஸ் நேரத்துக்கு முன்பே மனைவியையும் காணவில்லை. போன் போட்டால் எடுக்கவில்லை. தலையணையைப் புரட்டினார், கட்டிலுக்கு அடியில் படுத்துத் தேடினார். கடைசியில் வேலைக்கு நேரமாகிவிட்டதே என்று வெறுங்கையோடு கிளம்பிப் போனார்.

சென்டர் வாசலிலேயே வரவேற்புப் பெண் எழுந்து நின்றாள். "அண்ணே, சூப்பர் அண்ணே!" மேனேஜர் அறையிலிருந்து ஓடி வந்து அவர் இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கினார்.

"உங்க வீட்டம்மா வந்து கொடுத்துட்டுப் போனாங்க சார். உங்க பையோட மடிப்புல விழுந்து கிடந்துச்சாமே? இன்னொருத்தனா இருந்தா சத்தமில்லாம வச்சிருப்பான். முதலாளிக்கு இப்பதான் அனுப்பிவிட்டேன். அவரே உங்களைப் பார்க்க வர்றேன்னாரு."

துப்புரவு செய்யும் அம்மா கை தட்டினாள். நர்ஸ்கள் தட்டினார்கள். காத்திருந்த நோயாளிகளும் எதற்கென்று தெரியாமலே தட்டினார்கள். சொந்த வாட்சைத் தானம் கொடுத்துவிட்டு, திருடாததற்குப் பாராட்டு வாங்கிக்கொண்டு நின்றார் மனுஷன். "பரவால்ல, பரவால்ல" என்றார்.

மேனேஜர் அதோடு விடவில்லை. குரலைத் தாழ்த்தி, "வீட்டம்மாவுக்கு என்மேல என்ன கோபம் சார்? ஞாயித்துக்கிழமை எல்லாம் ஏன் இவரை இப்படி வாட்டுறீங்கன்னு கேட்டாங்க. அவரே கேட்டு வாங்கின டூட்டிதானேம்மா, ரெட்டைச் சம்பளம் தர்றோமேன்னு சொன்னேன். உடனே கிளம்பிப் போயிட்டாங்க" என்றார்.

அன்றைக்குத் தரைக்குக் கீழே போன மனிதர் மைக்கைப் பிடித்து எத்தனை பேரை மூச்சை அடக்கச் சொன்னாரோ தெரியாது. தனக்கு மூச்சு வந்துபோனதா என்றே அவருக்கு நினைவில்லை. எழுந்து ஓடிவிட வேண்டும் போலிருந்தது. ஓடினாலும் போய்ச் சேருகிற இடம் வீடுதான்.

வீட்டில் அவள் விளக்குப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"வேலை போயிடக்கூடாதுன்னுதான் கொண்டுபோய்க் கொடுத்தேன். யாருகிட்டயும் மூச்சு விடல. எங்க அண்ணன்கிட்டகூட சொல்லல."

"நான் திருடலம்மா. அது என்னோடது. நிஜமாவே நான் வாங்கினது. ஞாயித்துக்கிழமை சம்பளத்துல..."

"நேத்து டூப்ளிகேட்டுன்னீங்க."

"அது பொய்."

"ஞாயித்துக்கிழமைக்கு காசே தர்றதில்லைன்னீங்க."

"அதுவும் பொய்தான்."

"இப்ப சொல்றது?"

அவர் கைபேசியை எடுத்து, விற்றவரோடு பேசியது, படம், வீடியோ எல்லாவற்றையும் நீட்டினார். அவள் அதை வாங்கவே இல்லை. "இதுக்கும் ஒண்ணு தயார் பண்ணி வச்சிருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். கட்டிய மனைவியிடம் நான் திருடனில்லை என்று கெஞ்சி, அதுவும் எடுபடாமல் நிற்பதைப்போல் அவமானம் வேறில்லை. அவர் அழுதார். கூடத்தில் உட்கார்ந்து சத்தம் வராமல் அழுதார்.

வெள்ளிக்கிழமை டைல்ஸ் முதலாளி நேரிலேயே வந்துவிட்டார். ஒரு கையில் ஒரு வாட்ச், இன்னொரு கையில் இன்னொன்று. "தம்பி, என்னுது என் மகன்கிட்ட இருந்துச்சு. சர்வீஸுக்குக் கொடுக்கணும்னு சொல்லாம எடுத்துட்டுப் போயிருக்கான். அப்ப இது யாருது?"

மேனேஜர், வரவேற்புப் பெண், நர்ஸ்கள் எல்லோரும் இவரையே பார்த்தார்கள்.

"என்னுது" என்றார்.

யாரும் கை தட்டவில்லை. முதலாளி அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நல்ல வாட்ச், தம்பி" என்று சொல்லிக் கொடுத்தார். மேனேஜர் முகத்தில் என்ன ஓடியது என்று மூச்சுக்காரருக்குக் கவலையில்லை. அவருக்கு வேண்டியது ஒன்றுதான். மேனேஜர் வாயாலேயே மனைவிக்குப் போன் போட்டு நடந்ததைச் சொல்ல வைத்தார். அன்று பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் ஆட்டோ பிடித்தார். கதவைத் திறந்ததும் திறக்காததுமாக வாட்சை நீட்டினார்.

"பாத்தியா? நான் திருடல. இப்பவாவது நம்புறியா?"

"நம்புறேன்."

அவர் அப்படியே சோபாவில் சரிந்தார். இரண்டு நாளாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கியது போலிருந்தது. அவள் எதிரே உட்கார்ந்து நிதானமாகச் சொன்னாள்.

"நீங்க திருடியிருந்தா நல்லா இருந்திருக்கும்."

"என்னம்மா பேசுற?"

"திருடினீங்கன்னு நினைச்சப்ப, ஏதோ ஒரு நிமிஷம் புத்தி கெட்டுப்போச்சுன்னு நினைச்சேன். அன்னிக்கே மன்னிச்சுட்டேன். அதனாலதான் நானே தூக்கிட்டுப் போனேன். இது ஒரு நிமிஷம் இல்லையே. வாராவாரம் எழுந்து, குளிச்சு, என் முகத்தைப் பார்த்து, போயிட்டு வர்றேன்னு சொல்லிட்டுப் போயிருக்கீங்க. இதை நான் என்ன பண்றது?"

விற்றுவிடுகிறேன் என்றார். வேண்டாம் என்றாள். தூக்கிப் போடுகிறேன் என்றார். "அவ்வளவு ஆசைப்பட்டு வாங்கினது, கட்டிக்குங்க" என்று அவளே அவர் கையை இழுத்துப் பட்டையை மாட்டிவிட்டாள். கோபமாக மாட்டியிருந்தால்கூட அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும். சட்டைப் பொத்தான் போட்டுவிடுவது போல மாட்டினாள். அதற்கப்புறம் கழற்றவும் அவருக்குப் பயம், கட்டியிருக்கவும் பயம்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. டூட்டி வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, நாள் முழுக்க அவளோடு இருந்து எல்லாவற்றையும் சரிசெய்துவிடலாம் என்று விடிந்ததும் எழுந்து கூடத்தைப் பெருக்கி வைத்தார். அவள் தலையை இழுத்துக் கட்டிக்கொண்டு, காலில் கான்வாஸ் ஷூ, தோளில் பையோடு அறையிலிருந்து வந்தாள். பைக்கு வெளியே பேட்மிண்டன் மட்டையின் பிடி நீட்டிக்கொண்டிருந்தது.

"எங்க கிளம்பிட்ட?"

"விளையாட. என் ஆபீஸ்ல கூட வேலை பாக்குறவங்க எல்லாம் சேர்ந்து மைதானத்துக்குப் போவோம். அப்புறம் யார் வீட்லயாவது சாப்பாடு."

"எப்பலேருந்து?"

"ரொம்ப நாளா. மொதல்ல எல்லாம் நீங்க வந்துடுவீங்கன்னு சாப்பிடாம உக்காந்திருப்பேன். அப்புறம் பழகிடுச்சு."

"இன்னிக்கு நான் வீட்லதானே இருக்கேன்."

"ஆமா, பார்த்தேன். சாவி வேண்டாம், நீங்க இருக்கீங்கள்ல."

அவள் குனிந்து ஷூ நாடாவை இறுக்கிக்கொண்டாள். அவர் துடைப்பத்தைக் கையில் பிடித்தபடியே வாசல்வரை வந்தார்.

"எப்பம்மா வருவ?"

"கையிலதான் கட்டியிருக்கீங்களே, பாத்துக்கிட்டே இருங்க" என்று சொல்லிவிட்டு அவள் படியிறங்கினாள்.