ஆட்டோ எடுத்த மூவாயிரம்

மகளின் ஹாஸ்டல் பீஸ் கட்டக் கடலூரிலிருந்து சிதம்பரம் போயிருந்தேன். பணம் என் கணக்கில் இருந்தது. எப்படி வந்தது என்று மனைவியிடம் கேட்கவில்லை. கேட்டால் அடகுக்கடைக் கதை வருமோ என்று பயம். ஓரக்கண்ணால் அவள் கழுத்தை மட்டும் பார்த்துக்கொண்டேன். சங்கிலி இருந்தது. அதற்குமேல் விசாரிக்க எனக்குத் தைரியம் கிடையாது.

பஸ் ஸ்டாண்டிலிருந்து காலேஜுக்கு ஆட்டோ. இறங்கி, டிரைவர் நீட்டிய அட்டையை ஸ்கேன் செய்து எண்பது ரூபாய் அனுப்பினேன். போனைப் பைக்குள் போடுவதற்குள் ஒரு மெசேஜ். ஆட்டோ டெபிட், மூவாயிரம். மிச்சத்தை யார் படித்தார்கள்?

பீஸ் பணம் போச்சு என்று, கிளம்பிய ஆட்டோவின் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டு ஓடினேன்.

"யோவ், மூவாயிரம் எடுத்துட்டியே!"

"நானா? எண்பது ரூவாதான் சார் வந்துச்சு, பாருங்க."

"ஆட்டோன்னு பேர் போட்டே வந்திருக்குய்யா! வேற எந்த ஆட்டோவுல நான் ஏறுனேன்?"

அவர் மெசேஜைப் பார்த்தார். பிறகு தன் ஆட்டோவையே ஒருமுறை சந்தேகத்தோடு திரும்பிப் பார்த்தார்.

மனைவிக்குப் போன் போட்டேன். டிரைவரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில்.

"அய்ய, அது மாசாமாசம் சேக்குற ஆர்.டி.ங்க. சம்பளம் வந்த மறுநாளே பேங்க் தானா எடுத்துக்கும், அதான் ஆட்டோ டெபிட். போன மாசம் பேங்க்ல கையெழுத்து போட்டீங்கல்ல?"

"நீ காட்டுன எடத்துல போட்டேன். பீஸுக்கு?"

"அது அப்படியே இருக்கு."

"நிறுத்திடலாம்டி. உசுரே போயிடுச்சு."

"நிறுத்துங்க. இன்னைக்குக் கட்டப்போற பீஸு எங்கேந்து வந்துச்சாம்? முன்ன போட்ட ஆர்.டி. முடிஞ்ச காசு. அப்பவும் இப்படித்தான் கையெழுத்து போட்டீங்க. மெசேஜ் படிக்காம இருந்தீங்க, அது நல்லபடியா முடிஞ்சுது."

சம்பளத்தை ஏற்றவே மாட்டேன் என்கிறார்கள் என்று நான் வேலை பார்க்கும் செம்மங்குப்பத்துக் கம்பெனியை வருடக்கணக்கில் திட்டியிருக்கிறேன். ஏறத்தான் செய்திருக்கிறது. என் கண்ணில் படுவதற்குள் சேமிப்புக்குப் போயிருக்கிறது. கண்ணில் பட்டிருந்தால் ஒரு பெரிய டிவியாக மாறியிருக்கும்.

அதற்குப் பிறகு நிறுத்தச் சொல்லவில்லை. டிரைவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு உள்ளே போய் பீஸ் கட்டினேன். வெளியே வந்தபோது அவர் அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.

"ஏறுங்க சார்," என்றார். "இந்த ஆட்டோ கேட்டுட்டுதான் எடுக்கும்."