மீடியம் மாற்றாத டிஷ்

பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸிலிருந்து நானும் ஸ்ரீரங்கத்திலிருந்து என் தோழியும் ஒரே வாரத்தில்தான் பல்கலைக்கழக ஆய்வகத்தில் முனைவர் பட்ட ஆராய்ச்சிக்குச் சேர்ந்தோம். ஒரே கைடு, ஒரே வைரஸ். செல்லில் சக்தி குறைந்தால் அதை உணர்ந்து, வளர்ச்சியை நிறுத்தச் சொல்லும் புரதம் ஒன்று உண்டு. வைரஸ் புகுந்த செல்லிலோ பசியிலும் வளர்ச்சி வேலை நடந்துகொண்டே இருக்கும். எப்படி என்பதுதான் எங்கள் கேள்வி.

மூன்றாம் ஆண்டில் விடை அவளுக்குக் கிடைத்தது. வைரஸ் இல்லாத செல்களில் அந்தப் புரதம் விழித்திருந்தது. வைரஸ் புகுந்தவற்றில் அடங்கிக் கிடந்தது. புரதம் கோடுகளாகத் தெரியும் அவள் சோதனைப் படத்தை கைடு எல்லோருக்கும் காட்டினார். என் சோதனையில் வந்ததெல்லாம் மங்கலான கோடுகள்தான். அவள் டீ குடிக்கக் கூப்பிட்டாள். தலைவலி என்று சொல்லிவிட்டேன்.

மறுநாள் அவள் சாப்பிடப் போனதும் அவள் நோட்டைப் புரட்டினேன். வைரஸைச் செலுத்திய டிஷ்ஷில், செல்களுக்கு உணவான மீடியத்தைப் புதிதாக ஊற்றியிருந்தாள். செலுத்தாத கன்ட்ரோல் டிஷ்ஷில் பழையதே இருந்தது. பழைய மீடியத்தில் சர்க்கரை தீர்ந்திருக்கும், அந்த செல்கள் பட்டினி கிடந்திருக்கும். வைரஸ் புகுந்தவற்றுக்கோ பசியே இருந்திருக்காது. அப்படியானால் அவள் பார்த்தது வைரஸின் வேலைதானா என்றே சந்தேகம். எனக்கு வயிறு குளிர்ந்தது.

அவளிடம் தனியாகச் சொல்லியிருக்கலாம். துறைக் கருத்தரங்கு வரை பத்து நாள் வாயே திறக்கவில்லை. அங்கே எல்லோர் முன்னாலும் எழுந்து கேட்டேன்.

"கன்ட்ரோல் டிஷ்ல மீடியம் மாத்துனியா?"

அவள் முகம் வெளுத்தது. "மாத்தல."

"நீங்க இதை எப்ப கவனிச்சீங்க?" என்று என்னிடம் கேட்டார் கைடு.

"இப்பதான் தோணுச்சு மேடம்."

மூன்றாம் நாள் அவள் என் மேசைக்கு வந்தாள். "மறுபடி செய்யறேன். நீ பக்கத்துல இருந்து பாரேன். இன்னொரு தப்பு வரக் கூடாது."

மறுக்க முடியவில்லை. இரண்டு டிஷ்களிலும் சர்க்கரை குறைந்த மீடியத்தையே ஊற்றினாள். தப்பாக வர வேண்டும் என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டேதான் நின்றேன். வைரஸ் இல்லாத செல்களில் புரதம் விழித்தது. வைரஸ் புகுந்தவற்றில், அந்தப் பட்டினியிலும், அசையவில்லை. முன்பைவிடத் தெளிவான படம்.

"நீ கேக்கலேன்னா இவ்ளோ உறுதியா வந்திருக்காதுடி" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கட்டுரையில் என் பெயரையும் சேர்த்தாள். அது வெளியான அன்று வீட்டுக்கு அழைத்துப் போனாள். அவள் அம்மா நெய் சொட்டும் அக்காரவடிசல் கிண்ணத்தை நீட்டி, "எல்லாம் உன்னாலதான்னு சொல்லிண்டே இருக்காம்மா" என்றார்.

நான் இன்னொரு கிண்ணம் வாங்கிச் சாப்பிட்டேன். அப்போதும் அவள்மேல் பொறாமையாகத்தான் இருந்தது.