பல் செட் பட்டறையில் ஒரு கையெழுத்து

அந்தப் பல் செட் பட்டறையில் முதலாளியையும் சேர்த்து ஐந்தே பேர். அவர்களில் மூத்தவள் என்பதால் அவளுக்குப் பெரியக்கா என்று பெயர் நிலைத்துவிட்டது. ஜன்னலோர மேசையில் உட்கார்ந்து மெழுகில் பல் அடுக்குவது அவள் வேலை. பின்கட்டில், நெடி மூக்கைத் துளைக்கும் மருந்தைக் கலந்து ஈறு வார்ப்பவள் சுருட்டை. தலைமுடியால் வந்த பெயர்.

சுருட்டை முழுகாமல் இருந்தாள். ஐந்தாம் மாதத்தில் டாக்டர் சீட்டோடு முதலாளி முன்னால் போய் நின்றாள்.

"இந்த நெடி ஆகாதுன்னு டாக்டர் சொல்லிட்டாங்க சார். பிரசவம் வரைக்கும் பெரியக்கா மேசையில மெழுகு வேலை பாக்குறேன். அப்புறம் லீவு முடிஞ்சு வந்துடுவேன்."

பெரியக்காவின் கையிலிருந்த கடைவாய்ப் பல் நழுவி விழுந்தது. மேசையைக் கேட்டதுகூடப் பெரிதில்லை, கேட்ட தைரியம்தான் அவள் கண்ணை உறுத்தியது. பன்னிரண்டு வருடத்துக்கு முன் அவளுக்கும் இதே ஐந்தாம் மாதம், இதே முதலாளி. "வீட்ல போய் நிம்மதியா இரும்மா, உன் இடம் எங்க போயிடும்?" என்றார். நம்பிப் போனாள். கைக்குழந்தையோடு திரும்பி வந்தபோது அந்த இடத்தில் வேறொருத்தி இருந்தாள். மூன்று வருடம் கழித்துக் கூப்பிட்டார்கள். பல் அச்சு வார்க்கும் மாவின் தூசியைக் கூட்டுவதிலிருந்து மறுபடி தொடங்கினாள். வாய் திறந்து கேட்கலாம் என்று அன்றைக்கு அவளுக்குத் தோன்றவே இல்லை.

சுருட்டைக்கு வயிறு வளர, பெரியக்காவுக்கு வயிறு எரிந்தது. சுருட்டையின் புருஷன் தினமும் வாசலில் வந்து காத்து நிற்பதைப் பார்த்தாலும் எரிந்தது.

பதில் சொல்லாமல் இழுத்தடித்த முதலாளி, அந்த மாதக் கடைசியில் சுருட்டையை வேலையை விட்டு நிறுத்திவிட்டு, பெரியக்காவிடம் ஒரு தாளை நீட்டினார். சுருட்டையின் கவனக்குறைவால் மூன்று செட் திரும்பி வந்ததாக அதில் எழுதியிருந்தது.

"ஒரு கையெழுத்துதான். அவ இருந்தா உன் மேசைதானே போகும்?"

திரும்பி வந்தவற்றில் இரண்டு பெரியக்கா அடுக்கியவை. மூன்றாவதில் பல் டாக்டர் அனுப்பிய அச்சே கோணல். தெரிந்தும் கையெழுத்துப் போட்டாள். போட்ட கணத்தில், சொன்னால் வெட்கக்கேடு, நெஞ்சு குளிர்ந்தது.

சுருட்டை சும்மா இருக்கவில்லை. தொழிலாளர் அலுவலகத்தில் புகார் கொடுத்தாள். ஒரு அதிகாரி அம்மா பட்டறைக்கே வந்துவிட்டார்.

"அஞ்சு பேர் கடைம்மா இது. எங்களுக்கெல்லாம் சட்டமா?" என்று பல்லைக் காட்டினார் முதலாளி.

"ஒரே ஒருத்தர் வேலை பாத்தாலும் சட்டம்தான். மாசமா இருக்கான்னு நிறுத்த முடியாது" என்று சொல்லிவிட்டு, அதிகாரி பெரியக்காவைத் தனியாக அழைத்தார். "இது உங்க கையெழுத்தா? படிச்சுட்டுத்தான் போட்டீங்களா?"

முதலாளி சொல்லித்தான் போட்டேன் என்று தப்பித்திருக்கலாம். பெரியக்கா தன் கையெழுத்தை விரலால் தொட்டாள்.

"படிச்சேன். பொய்னு தெரிஞ்சுதான் போட்டேன். அதுல ரெண்டு செட் நான் அடுக்கினது."

"ஏம்மா?"

"எனக்குக் கிடைக்காதது அவளுக்குக் கிடைக்குதேன்னு." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "மேடம், பன்னெண்டு வருஷத்துக்கு முன்னாடி நடந்ததுக்கு இப்ப ஏதாவது பண்ண முடியுமா?"

அதிகாரி தாளை மடித்தார். "நாள் கடந்துடுச்சும்மா."

பத்தாம் நாள் சுருட்டை வேலைக்குத் திரும்பினாள். பெரியக்கா தன் மெழுகுக் கத்தியையும் விளக்கையும் அப்படியே விட்டுவிட்டு, மூக்கை மூடிக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள். இரண்டு வாரம் சுருட்டை அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு ஒருநாள் ஒரு செட்டை எடுத்துக்கொண்டு பின்கட்டு வாசல்வரை வந்தாள்.

"இந்த முன்பல்லு தூக்குதா பாருங்க."

"கொஞ்சம். உள்ள தள்ளு."

"கையெழுத்து போடும்போது என் மூஞ்சி ஞாபகம் வரலையாக்கா?"

"வந்துச்சு. அதனாலதான் போட்டேன்."

சுருட்டை பல்லை உள்ளே தள்ளிக்கொண்டே மேசைக்குப் போனாள்.

குழந்தை பிறந்து, விடுப்பு முடிந்து, சொன்ன தேதியில் அவள் வந்து சேர்ந்தாள். புதிதாக யாரும் அவள் இடத்தில் உட்கார்ந்திருக்கவில்லை. அதைப் பார்த்தபோது பெரியக்காவுக்குப் பழைய எரிச்சல் கொஞ்சம் தலைகாட்டத்தான் செய்தது. "குழந்தை தூங்க விடுதா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருந்தாள்.